பாசி வளர்த்தவர்

எழுந்ததும் எழாததுமாக ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, உப்புநீர் மீன்தொட்டியின் முன்னால் போய்க் குனிந்தான் அவன். நேற்று சுரண்டிய கண்ணாடி மறுபடியும் பச்சை.

“தீனியை அள்ளிப் போட்டியா?”

“நீங்க சொன்னதிலேருந்து அந்த டப்பாவையே நான் தொடலைங்க,” என்றாள் மனைவி.

“அப்போ உன் பொண்ணு லைட்டைப் போட்டு வச்சிருப்பா.”

“நீங்க கத்துற கத்துக்கு அவ அந்தப் பக்கமே போறதில்ல.”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரை மாற்றினான், விளக்கு நேரத்தைக் குறைத்தான், பாசி தின்னும் நத்தைகளைக்கூட வாங்கி விட்டான். எதற்கும் பாசி அசைந்து கொடுக்கவில்லை. மீன்கள்தான் சோர்ந்துபோய் மூலையில் ஒதுங்கின.

பொறுக்கமாட்டாமல் வண்ணமீன் கடைக்காரரைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தான்.

“இந்த வீட்டுல என் பேச்சை யாரோ கேக்கறதில்ல. அது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

அவர் தொட்டியை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“வெயில் நேரா தொட்டி மேல விழுது சார். பாசிக்கு இது ஒண்ணே போதும். தினமும் இந்தத் திரையைத் திறந்து போடறது யாரு?”

அகப்பட்டாள் என்று மனைவி பக்கம் திரும்பினான்.

“சொல்லு.”

“நீங்கதாங்க,” என்றாள் அவள். “பாசி போயிடுச்சான்னு பார்க்கறதுக்கு.”