கீழ்த்தட்டுச் சரக்கு

“நம்ம மானத்தோட விலை நாலாயிரத்து ஐநூறு, பாத்துக்கோ” என்று கல்லாவில் இருந்த மனைவியின் காதில் முணுமுணுத்தார் கடைக்காரர்.

அவர் கண்கள் கீழ்த்தட்டில் இருந்த அட்டைப்பெட்டியை விட்டு நகரவில்லை. அதற்குள் இருந்தவை உள்ளங்கை அகலமே உள்ள கம்ப்யூட்டர் போர்டுகள். விளம்பரத் திரைகளுக்குள் வருஷக்கணக்கில் வெந்து, கழற்றிப் போடப்பட்டவற்றைச் சல்லிசாக வாங்கி, துடைத்து, புது உறை போட்டு, அந்த விலையை ஒட்டியிருந்தார்.

போன வாரம்தான் எதிர்க்கடைக்குப் பூட்டு விழுந்தது. போர்டு தயாரிக்கும் கம்பெனி அனுப்பிய ஆள் வாங்க வந்தவர் மாதிரியே உட்கார்ந்து, பழசைப் புதுசென்று விற்பதைக் கண்டுபிடித்துவிட்டாராம்.

இப்போது இவர் மேஜையிலும் ஒருத்தி லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். கேம் ஓட்டிப் பார்க்க ஒரு போர்டு வேண்டும் என்றாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

மேல்தட்டிலிருந்து அசல் சரக்காகப் பார்த்து எடுத்து வைத்தார். அவள் அதை லேப்டாப்பில் இணைக்க, திரையில் ஒரு முயல் மலைக்கு மலை தாவியது. துளித் தடங்கல் இல்லை. அவள் போர்டை விரலால் தொட்டுச் சூடு பார்த்தாள். வேண்டாம் என்று தள்ளி வைத்தாள்.

அடுத்ததில் முயல் இன்னும் ஜோராகப் பறந்தது. அதுவும் வேண்டாமாம். மூன்றாவதற்கும் அதே கதி.

கடைக்காரர் கீழ்த்தட்டுப் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார். நல்ல சரக்கை இப்படி ஒதுக்குகிறவள் வாங்க வந்தவளா? மனைவி பக்கத்தில் வந்து, இது வீட்டை அடகு வைத்துப் போட்ட கடை என்று நினைவுபடுத்தினாள். அதோடு விட்டாளா?

“நான் அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். எங்க கேட்டீங்க?”

“மெதுவாப் பேசு. காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.”

மேஜையில் இருந்தவள் நிமிர்ந்தாள். “அண்ணே, கீழ ஒரு பெட்டி இருக்கே, அதுல ஒண்ணு எடுங்களேன்.”

அது வேறொருவர் சொல்லி வைத்த சரக்கு என்று சமாளித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தந்துவிடுவதாகச் சொன்னாள். மறுத்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

முயல் இரண்டு மலை தாவியது. போர்டு கொதித்தது. மூன்றாவது மலைக்குப் போகும் வழியில், அந்தரத்தில், திக்கித் திக்கி நின்றேவிட்டது.

அவள் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு. “மாட்டிக்கிச்சு” என்றபடி போனை எடுத்தாள்.

ஷட்டர் இறங்கும் சத்தமே இவர் காதில் விழுந்துவிட்டது.

“அம்மா, யாருக்கும் போன் போட்றாதீங்கம்மா. பெட்டி பூரா பழசுதான், ஒத்துக்கறேன். புதுசுன்னு சொன்னது தப்பு. பிள்ளைகுட்டிக்காரன், கடையைப் பூட்டிட்டா நடுத்தெருதான்.”

அவள் விழித்தாள். “பணம் அனுப்பத்தானேண்ணே போனை எடுத்தேன்? நான் கேம் செய்யறவ. இருக்கறதுலயே மட்டமான போர்டுல ஓடுற மாதிரி செஞ்சாத்தான் அது எல்லார் வீட்லயும் ஓடும். இப்படி ஒரு சண்டிக்குத்தான் கடை கடையா அலைஞ்சேன். சொன்னா விலையை ஏத்திடுவீங்கன்னு வாயைத் திறக்கல. முழுசாக் குடுக்கத்தான் இருந்தேன், நீங்களே பழசுங்கறீங்க. பாதி போட்டுக்குங்க.”

அன்றைய கணக்கு: வரவு, இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது, கடைக்காரரின் வாய்க்குச் செலவு, இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது.