படையலுக்கு வந்த ரம்

சாமிக்கு வாங்கி வைத்திருந்த ரம் பாட்டிலின் மூடியை ஜீவன் எல்லார் கண்முன்னாலும் திருகித் திறந்தான்.

சிங்கப்பூருக்கு அக்கரையில், கெலாங் பாத்தா ஊர் முனியாண்டி கோயிலில் மறுநாள் மதியம் படையல். ஆட்டுக்கறி, சுருட்டு, ரம் எல்லாம் சாமிக்கு வைத்துப் பூஜை முடிந்த பிறகுதான் ஆண்கள் ஆளுக்கொரு வாய் வாங்கிக் குடிப்பார்கள். அதற்கு முன்னால் தொட்டால் எச்சில். ஊரிலேயே பெரிய குடிகாரன்கூட அந்தப் பாட்டில் பக்கம் போகமாட்டான்.

ஜீவனுக்கு இது தெரியாததல்ல. அவனுக்கு மொட்டை போட்டதே இந்தக் கோயிலில்தான். ஆனால் சிங்கப்பூரில் பெரிய ஹோட்டல் பாரில் வேலை கிடைத்ததிலிருந்து பையனுக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேச்சு. கல்யாண வீட்டில் ஆசையாக ஊற்றிக் கொடுத்தால் குடிக்கமாட்டான். முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவான். ஊற்றிக் கொடுத்தவருக்கு எரியுமா, எரியாதா?

இந்த வருஷம் ரம் உபயம் அவன் அக்கா ஷாமளாவின் கணவர் தங்கராஜு. லாரி காண்டிராக்டர். தெரிந்த ஆள் மூலமாக நாலு பெட்டி இறக்கியிருந்தார். பதினைந்து வருஷம் மரப் பீப்பாயில் ஊறியது என்று லேபிளில் தங்க எழுத்தில் போட்டிருந்தது. விலையோ கடை விலையில் பாதிகூட இல்லை.

"இந்த வெலைக்கு எங்க கிடைக்கும்? முரா லா, ரொம்ப முரா," என்று சாயங்காலத்திலிருந்து கோயிலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மலிவைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஜீவன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இது வேண்டாம், வேறு ரம் நானே வாங்கி வருகிறேன் என்று காதோடு காதாகச் சொன்னான். அவ்வளவுதான், அவருக்கு வந்ததே கோபம். என் காசில் வாங்கியது சாமிக்கு ஆகாதா என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான் பார் என்று பக்கத்திலிருந்த அவர் கூட்டாளி செல்வா வேறு எண்ணெய் ஊற்றினார்.

ஷாமளா பெண்கள் பக்கமிருந்து எழுந்து வந்தாள். புருஷனும் தம்பியும் முகம் பார்க்காமல் இருந்துவிட்டு இந்தத் திருவிழாவுக்குத்தான் ராசியாகியிருந்தார்கள். அதற்குள் மறுபடியுமா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"குடிச்சுப் பார்க்காமலே கொறை சொல்றியா? குடிச்சுப் பாத்துட்டுப் பேசு," என்றார் தங்கராஜு.

கோபத்தில் சொன்ன வார்த்தை. யாராவது நிஜமாகவே குடிப்பார்களா? ஜீவன் குடித்தான்.

பிளாஸ்டிக் கப் நிறைய ஊற்றினான். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்த்தான். மூக்கருகே வைத்து மோந்தான். ஒரு வாய் எடுத்து நாக்கிலேயே வைத்திருந்து விழுங்கினான். அதோடு விட்டிருக்கலாம். யார் வீட்டிலும் ஒரு சொட்டு குடிக்காதவன், மிச்சத்தையும் அடி வரைக்கும் குடித்தான். ருசி பார்க்கிறவன் குடிக்கிற குடியா இது என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது.

"எப்படி இருக்கு, துரை?" என்றார் தங்கராஜு.

"ருசி மோசமில்ல, மச்சான். வெனிலா வாசம் இருக்கு, கருகின சீனி இருக்கு. பதினஞ்சு வருஷம் மரத்துல கெடந்த வாசம்தான் இல்ல."

"நல்லதா கெட்டதா? அதச் சொல்லு லா."

"நாளைக்குக் காலையில சொல்றேன்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒரு கப் ரம்முக்குத் தீர்ப்புச் சொல்ல ஒரு ராத்திரி வேண்டுமாம். தங்கராஜு மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்துவிட்டது. இனிமேல் என் வீட்டு வாசற்படி மிதிக்காதே என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

கோயில் தலைவர் லெட்சுமணன், சாமி பாட்டிலை எச்சில் பண்ணியவனுக்கு நாளைக்குக் கோயிலில் வேலையில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஜீவன் சாமி முன்னால் விழுந்து கும்பிட்டான். மற்ற பாட்டில்களைக் காலை வரைக்கும் திறக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். சாமிக்கு வைக்காமல் திறக்க நாங்கள் என்ன உன்னைப் போலவா என்றார் லெட்சுமணன்.

ஜீவன் வெளியே போய்க் காரில் சாய்ந்து நின்றான். பின்னாலேயே ஷாமளா ஓடி வந்தாள். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"குடிக்கணும்னா சிங்கப்பூர்லயே குடிச்சுத் தொலைய வேண்டியதுதானே? இத்தனை பேர் முன்னால அவர எதுக்குடா அவமானப்படுத்தின?"

"ஏன் வேணாம்னேன்னு அங்க சொல்லியிருந்தாதான் மச்சானுக்கு அவமானம், அக்கா."

ஷாமளாவுக்குப் புரியவில்லை. கார் சாவியை அவள் கையில் கொடுத்து, நீயே ஓட்டு, இன்றைக்கு ராத்திரி யாராவது என் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றான்.

"நல்லதா கெட்டதான்னு சொல்ல உனக்கு எதுக்குடா காலை வரைக்கும்?"

"கள்ளச் சரக்குல விஷம் இருந்தா நாக்குக்குத் தெரியாதுக்கா. காலையில எனக்குக் கண்ணு தெரிஞ்சா, எல்லாருக்கும் ஊத்தச் சொல்லு."