பேரில்லாத நம்பர்

மாசிலாமணி புது போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, வயலில் அறுப்பு மெஷினோடு நின்றார். மனைவி இசைவாணி அந்தப் போனை நாத்தனாரிடம் நீட்டினாள்.

“பழைய பட்டன் போன் ஊமை. இந்த ஆண்ட்ராய்டு அரிச்சந்திரன்! உங்கண்ணன் அடிக்கடி கூப்பிடுற நம்பரை அதுவே மேல எடுத்து வெச்சிருக்கு பாரு. பேரே போடலை.”

“தினம் விடியக்காலையில ஒரே ஒரு ரிங்தான் போயிருக்கு அண்ணி!”

“ஜாடையாம் ஜாடை! இன்னிக்கு அவ குரலைக் கேக்காம விடமாட்டேன்.”

விடாமல் அடித்தாள். அந்தப் பக்கம் யாரும் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் முழங்கால் சேறோடு வந்தார் மாசிலாமணி.

“வயலெல்லாம் தண்ணி, மெஷின் புதைஞ்சு கிடக்கு! ரிங் விட்டா ஓடுற மோட்டாருக்கு என் போன்லேர்ந்து அடிச்சது யாரு?”

நாத்தனார் சொன்னாள்: “அண்ணிதான். அவ குரலைக் கேக்கணும்னாங்க.”