கொடும்பாவியைத் தின்ற மாடு

“கொடும்பாவியைக் காணோம்!”

கஸ்தூரியம்மாள் போட்ட கூச்சலில், உச்சி வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த தெரு மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் அந்த ஊரில் எட்டு மாதமாக மழை இல்லை. சித்திரை வெயிலில் மதுரைக்குப் போகிற, கரி போட்டு ஓட்டும் பஸ்கூடக் கணவாய் ஏற மாட்டாமல் மூச்சு வாங்கி நின்றது. யாரோ செய்த பாவம்தான் மழையை மறிக்கிறது என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். அந்தப் பாவிக்கு வைக்கோலால் பொம்மை செய்து, பழஞ்சேலை சுற்றி, ஒப்பாரி வைத்துத் தெருத்தெருவாக இழுத்துப் போனால் வானம் இரங்கும். பொம்மையின் பெயர்தான் கொடும்பாவி.

புல் பூண்டு இல்லாத காலம். கம்பம் பக்கம் வண்டி கட்டிப் போய்க் கொண்டுவந்த வைக்கோலில் கஸ்தூரியம்மாளே அதைச் செய்து, சாயங்காலம் இழுப்பதற்காக வேப்பமரத்தில் சாத்தி வைத்திருந்தாள். இப்போது அங்கே மூங்கில் குச்சியும் கிழிந்த சேலையும்தான் கிடந்தன.

“மாடுதான் தின்னுருக்கு,” என்றார் பக்கத்து வீட்டுச் சுருளியாண்டி, துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டே. “அது பாவியா புண்ணியவதியான்னு மாட்டுக்கென்ன தெரியும்? பசிச்சிருக்கும்.”

“நீங்க சும்மா இருங்க மாமா. பத்து நாளா மழை வருது, மழை வருதுன்னு சொல்லிட்டுத் திரியுறீக. வந்துச்சா?” என்று சீறினாள் கஸ்தூரியம்மாள்.

“இன்னைக்கு வரும் பாரு. உடம்பெல்லாம் பிசுபிசுங்குது. தட்டான் தாழப் பறக்குது. மேற்கே மலையில மேகம் கட்டிருச்சு.”

“மழை வருதோ இல்லையோ, இந்தப் புழுக்கம் ஆளைக் கொன்னுரும்,” என்று முந்தானையால் விசிறிக்கொண்டாள் எதிர்வீட்டு மொக்கம்மாள். “கஸ்தூரி, உன் மகளை உள்ள போகச் சொல்லு. ஒம்பதாம் மாசத்துல இந்த அனல் ஆகாது.”

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மலையம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து, அம்மா ஆடும் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரியம்மாள் காதில் எதுவும் ஏறவில்லை. குனிந்து மண்ணை வாரினாள்.

“எந்த வீட்டு மாடு தின்னுச்சோ, அந்த வீட்டு மேல இடி விழட்டும்!” என்று தூற்றினாள்.

சொல்லி வாய் மூடவில்லை, மலைக்கு மேல் குமுறல் கேட்டது. தெரு மொத்தமும் அண்ணாந்து பார்த்தது.

“என் மாடுதான் மதினி. கட்டு அவுந்துருச்சு, கவனிக்கல.”

தெருக்கோடி வீட்டு ராமுத்தாய். புருஷன் ஏலமலைக்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் அவளும் ஒரு சினைப்பசுவும்தான். அவள் தலையில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

“பாத்தீகளா! துரும்பைத் தலையில வச்சுக்கிட்டு ஒண்ணுந் தெரியாதவ மாதிரி நின்னுருக்கா. எங்க காளையும்தான் பட்டினி கிடக்கு. தொழுவத்தை விட்டு அசைஞ்சிருக்குமா?” என்று பாய்ந்தாள் கஸ்தூரியம்மாள்.

ராமுத்தாய் வீட்டுக்குப் போய், பசுவுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த கடைசி வைக்கோல் கட்டைத் தூக்கிவந்து போட்டாள். கஸ்தூரியம்மாள் கூசாமல் வாங்கிக்கொண்டாள். கோபம் வந்தால் அவளுக்குக் கண் தெரியாது. மற்றபடி தங்கமான மனுஷிதான்.

புதுக் கொடும்பாவிக்கு ஒரு கை முளைப்பதற்குள் காற்று சுழன்றடித்தது. புளியங்கொட்டை பருமனில் நாலு துளி விழுந்தது. அப்புறம் வானம் பிய்த்துக்கொண்டது.

“நான் சொல்லல?” என்று சுருளியாண்டி நடுத்தெருவில் நனைந்தபடி துண்டைச் சுற்றினார். மொக்கம்மாள் அண்டா குண்டான் எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். கஸ்தூரியம்மாளும் சிரித்துக்கொண்டே, காளை நனையுமே என்று கொல்லைத் தொழுவத்துக்கு ஓடினாள்.

காளை நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் கொம்பில் ஒரு பாசிமாலை தொங்கியது. காலையில் அவளே கொடும்பாவியின் கழுத்தில் போட்ட மாலை. காளையின் சொந்தக் கயிறு அறுந்து தரையில் கிடந்தது. இப்போது அதைக் கட்டியிருந்தது ராமுத்தாய் தண்ணீர் சேந்துகிற கயிறு.

காளையை ஓட்டிவந்து கட்டியது யார், யார் தலையில் எப்படித் துரும்பு ஒட்டியது என்பதெல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது.

மிச்ச வைக்கோலைச் சாக்கால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் ராமுத்தாய் வீட்டுக்கு ஓடினாள். கட்டுத்தறியில் பசு இல்லை. ராமுத்தாய் மட்டும் மூலையில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒவ்வொரு இடிக்கும் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“பசு எங்கடி?”

“மொக்கம்மா அக்கா தொழுவத்துல கட்டிட்டேன்.”

“தின்னது எங்க காளை. தெரிஞ்சுக்கிட்டே ஏண்டி உன் மாடுன்னு சொன்ன?”

ராமுத்தாய் பதறி எழுந்தாள். “நீங்க இங்கன இருக்காதீக மதினி. மொதல்ல வீட்டுக்குப் போங்க.”

“கோவமா? நாலு பேச்சுப் பேசு, கேட்டுக்கிறேன். வெளிய மட்டும் தள்ளாத,” என்று வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள் கஸ்தூரியம்மாள்.

“கோவமெல்லாம் இல்ல மதினி,” என்று அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள் ராமுத்தாய். “தின்ன வீட்டு மேல இடி விழணும்னு மண்ணை வாரித் தூத்திட்டீக. அங்கன மலையம்மா வாயும் வயிறுமா உக்காந்திருக்கா. இங்கன நான் ஒருத்திதானே. இடி வர்ற நேரம், எந்திரிச்சுப் போங்க.”