தெரிஞ்சவங்க

“சார், இந்த போனை நான் படிக்கல. வேற டீமுக்குக் குடுத்துடுங்க.”

ஷபானா இப்படிச் சொன்னதும் டீம் லீடர் தாமோதரனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மொத்த வேலையும் வக்கீல் கைக்குப் போயாக வேண்டும். இவளானால் புதன்கிழமை வந்து கையை விரிக்கிறாள்.

நாவலூரில் அந்த ஆபீசுக்கு வேலையே படிப்பதுதான். அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தால் திட்டுவார்கள்; இங்கே எட்டிப் பார்க்கத்தான் சம்பளம். மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றின் பங்குதாரர்கள் சண்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். ஊழியர்களின் மெயில், வாட்ஸப் எல்லாம் நகலெடுக்கப்பட்டு இங்கே வந்திருந்தன. கேசுக்கு வேண்டியதைத் தனியே எடுத்துவைத்து, சொந்த சமாச்சாரத்தைக் கறுப்படித்து மறைக்க வேண்டும். மறைப்பதற்காவது யாராவது ஒருத்தர் படித்தாக வேண்டுமே.

ஷபானாவுக்கு வந்தது, ரிசார்ட்டில் கணக்கு பார்க்கும் லோகநாயகி என்பவளின் போன்.

“இன்னாம்மா பேஜாரு இது? காலைல நல்லாத்தானே படிச்சிக்கினு இருந்தே?”

“உள்ள தெரிஞ்சவங்க மெசேஜ் இருக்கு சார்.”

“யாரு?”

அவள் கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“ரூல் தெரியுமில்ல? தெரிஞ்சவங்க இருந்தா டீம் லீடர்கிட்ட பேரச் சொல்லணும். நான் எழுதிக்கினு உனக்கு வேற போன் குடுப்பேன். அவ்ளோதான். பேரச் சொல்லு.”

“பேரு வேணாம் சார். நம்ம டீம்ல யாருமே இத படிக்க வேணாம். கோயம்புத்தூர் ஆபீசுக்கு அனுப்பிடுங்களேன்.”

“நீ கோவளத்துல பொறந்து வளர்ந்த பொண்ணு. இந்தக் கடற்கரை பூரா உனக்குத் தெரிஞ்சவங்கதான். அப்படிப் பார்த்தா ஒரு போனையும் தொட முடியாதே.”

“இது ஒண்ணு மட்டும்தான் சார்” என்றாள். கழுவுற மீனில் நழுவுற மீன் என்று நினைத்துக்கொண்டார் தாமோதரன்.

“ஷபானா, அடுத்த மாசம் உனக்கு சீனியர் போஸ்ட் வருது. நான்தான் சிபாரிசு பண்ணேன். காரணம் சொல்லாம வேலைய மறுத்தா அது கை நழுவிப் போயிடும்.”

அவளுக்குக் கண் கலங்கியது. அந்தப் பதவிக்காக அவள் எப்படி உழைத்தாள் என்பது அவருக்கே தெரியும்.

“போனா போவட்டும் சார்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

தாமோதரன் அந்தச் சூட்டோடு மேனேஜர் ஹேமந்துக்கு மெயில் தட்டினார். தெரிந்தவர் பேரைச் சொல்லாமல் வேலையை மறுத்ததால் ஷபானாவின் பெயரைப் பதவி உயர்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறகு அந்த போனைத் தானே திறந்துகொண்டு உட்கார்ந்தார். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவர்களை நம்பினால் கடைசியில் நம் தலையில்தான் விடியும்.

திரையில் மெசேஜ்கள் வரிசையாக நின்றன. படித்தது பச்சை, படிக்காதது வெள்ளை. சப்ளையர் பில், ரூம் புக்கிங், மாமியார் புராணம் என்று பச்சையாகவே ஓடி, ஒரு போட்டோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

போட்டோவைத் திறந்தார். காதுகுத்து. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, பட்டு வேட்டியும் மாலையுமாகத் தாய்மாமன் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தத் தாய்மாமன் தாமோதரன்தான்.

அனுப்பியிருந்தவள் அம்சா, கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருக்கும் அவருடைய ஒரே தங்கை. இந்த லோகநாயகி அவளுக்குச் சிநேகிதி என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

போட்டோவுக்குக் கீழே அம்சா எழுதியிருந்தாள்: “அன்னிக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்தோம் லோகா. இப்ப சொல்லப்போறது உன்னோட இருக்கட்டும். எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு.”

அதுவரை பச்சை. அடுத்த மெசேஜ் வெள்ளை. ஷபானா அதைத் திறக்கவே இல்லை.

காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்திருப்பவர் அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு என்ன உறவு என்று கோவளத்துப் பெண்ணுக்குத் தெரியாதா?

தாமோதரனின் கை மவுசின் மேல் இருந்தது. ஒரு தட்டு, எல்லாம் தெரிந்துவிடும். மாப்பிள்ளையோடு ஏதாவது தகராறா, இல்லை உடம்புக்கு ஏதாவதா? கூடப் பிறந்தவனுக்கு இல்லாத உரிமையா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஷபானா வேறொரு போனைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு என்று அவளை என்ன பாடு படுத்தினோம்? அவள் சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷமே இதைத் திறந்து படித்திருப்போம். அவருக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கல்பாக்கம் போய் தங்கச்சி கையால் ஒரு காபி குடிக்க வேண்டும். எதையும் கேட்கக் கூடாது. அவளாகச் சொன்னால் சொல்லட்டும்.

திரையை மூடிவிட்டு ஹேமந்தின் அறைக்குப் போனார்.

“சார், லோகநாயகி போனை கோயம்புத்தூருக்கு அனுப்பிடுங்க. என்னால படிக்க முடியாது. உள்ள தெரிஞ்சவங்க இருக்காங்க.”

“யாருங்க?”

“பேரு வேணாம் சார்.”

ஹேமந்த் சிரித்துவிட்டார். “பேரு சொல்லாம மறுத்தா பதவி உயர்வு கிடையாதுன்னு இப்பதானே மெயில் அனுப்பினீங்க?”

“ஆமா சார். அதுல ஷபானா பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டுக்குங்க.”