மார்லிஸ் சரிசெய்த ஹீட்டர்

"அந்த ஆரினை இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுங்க ராஸ்கோ. இல்லேன்னா நான் மேலிடத்துக்குப் போன் போடுவேன்."

காலங்காத்தாலேயே முகாம் பொறுப்பாளர் ராஸ்கோவின் கதவைத் தட்டிவிட்டாள் மார்லிஸ். கையில் காபி, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனா பாலைவனத்துக்கு வரும், படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டிகளின் முகாம் அது. கரண்ட் இணைப்பு கிடையாது. அவரவர் பேட்டரி, அவரவர் கேஸ். சட்டம் என்று பார்த்தால் இரண்டுதான். ராத்திரி ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது. அடுத்தவர் வண்டியில் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

"நேத்தும் ஓட்டினாரா?"

"விடிய விடிய! தலைமாட்டுல டிராக்டர் ஓடற மாதிரி. ஒரு வாரமா இதே கூத்து. நல்லவேளை, என் ஹீட்டராவது எரியுது. குளிரும் சேர்ந்திருந்தா அப்பவே மூட்டை கட்டியிருப்பேன்."

"ஹீட்டர் சரியாயிடுச்சா?"

அவ்வளவுதான், மார்லிஸின் முகம் மலர்ந்துவிட்டது.

"நானே சரி பண்ணினேன்! முதல்ல அடுப்பைப் பத்தவச்சேன், எரிஞ்சுது. அப்ப கேஸ் இருக்கு. ஹீட்டர்ல காத்தாடி சுத்துது, டிக் டிக்குன்னு சத்தம் வருது, பத்திக்க மட்டும் மாட்டேங்குது. புகைக் குழாய்ல கம்பியை விட்டுக் குடைஞ்சேன் பாருங்க, இவ்ளோ பெரிய குளவிக் கூடு! அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து கும்முன்னு எரியுது."

போன கோடை வரைக்கும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் அவள் கணவர் டெல்மர். அவர் காலமான பிறகு, "ஹீட்டரைக்கூடச் சமாளிக்க முடியலேன்னா வண்டியை வித்துட்டு என்கூட வந்துடும்மா" என்று மகன் சொல்லியிருந்தான். மகன் வீட்டு மாடியறையில் முடங்குவதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. குளவிக் கூட்டைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

"நான் குடைஞ்சுக்கிட்டிருக்கும்போது இந்த ஆரின் வந்து நின்னு உபதேசம் பண்றார். 'பேட்டரி செத்துப்போச்சு, காத்தாடி வேகமாச் சுத்தலேன்னா ஹீட்டர் பத்தாது'ன்னு. டெல்மர் தன் கையால பேரெழுதி, வண்டிக்கு வெளிப்பக்கப் பெட்டியில மாட்டின பேட்டரி அது! யாரும் தொடக் கூடாதுன்னு துரத்திவிட்டேன். அந்தக் கடுப்புலதான் ஜெனரேட்டரை ஓட்டிப் பழிவாங்கறார்."

ராஸ்கோ தொப்பியை மாட்டிக்கொண்டு மார்லிஸின் வண்டிக்குப் பக்கத்து இடத்துக்கு நடந்தார்.

ஆரின் அரைக்கைச் சட்டையோடு வெளியே நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் உறைபனி இன்னும் உருகவில்லை.

"பெரியவரே, ஏற்கெனவே ரெண்டு தடவை சொல்லியாச்சு. அப்புறமும் ராத்திரி பூரா ஓட்டினா எப்படி?"

"எனக்குக் குளிர் தாங்காது தம்பி."

ராஸ்கோ அந்த அரைக்கைச் சட்டையைப் பார்த்தார். பொய் சொல்வதென்றாலும் கொஞ்சம் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

"இனிமே பேச்சுக்கே இடமில்ல. மதியத்துக்குள்ள கிளம்பிடுங்க."

ஆரின் அடுப்பை அணைத்தார். மார்லிஸின் வண்டியை ஒரு தடவை பார்த்தார்.

"இன்னிக்கு ராத்திரி தண்ணி உறையற குளிராமே?"

"அதனால?"

"ஒண்ணுமில்ல. கிளம்பறேன்."

மார்லிஸ் சீட்டாடிவிட்டு ராத்திரி திரும்பி வந்தபோது பக்கத்து இடம் காலியாக இருந்தது. அப்பாடா என்று உள்ளே போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை அவளே ராஸ்கோவைக் கூப்பிட்டுச் சுடச்சுட காபி கொடுத்தாள்.

"நேத்துதான் நிம்மதியாத் தூங்கினேன். வெளியே குடம் தண்ணி கல்லாப் போச்சு. உள்ளே ஹீட்டர் என்னமா எரிஞ்சுது தெரியுமா? சத்தமும் இல்ல, சனியனும் இல்ல."

"சந்தோஷம்."

"ஆனா போறப்பவும் புத்தி போகல பாருங்க. தன் குப்பையை என் வண்டியோரமாத் தள்ளிட்டுப் போயிருக்கார்."

வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று சாக்கால் மூடிக் கிடந்தது. ராஸ்கோ அதை எடுக்கக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். ஆரினின் வண்டி நின்ற இடத்திலிருந்து மார்லிஸின் வண்டி வரைக்கும் மணல் நீளக் கோடாகக் கிளறப்பட்டிருந்தது.

"என்ன அது, பாம்பா?"

"இல்ல. ஒயரைப் புதைச்சு வச்சு, திரும்ப உருவின தடம். ராத்திரியெல்லாம் அவர் ஜெனரேட்டர்லேர்ந்து உங்க வண்டிக்குக் கரண்ட் வந்திருக்கு."

"என் வண்டிக்கா? எதுக்கு?"

ராஸ்கோ சாக்கை விலக்கினார். ஒரு பழைய பேட்டரி. தூசி தட்டி, சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில், கொஞ்சம் கோணலான எழுத்தில், 'டெல்மர்' என்று எழுதியிருந்தது.

மார்லிஸ் அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது இங்க இருந்தா... என் வண்டியில இருக்கிறது யாரோடது?"

ராஸ்கோ ஆரின் நின்றிருந்த வெற்று மணலைப் பார்த்தார்.

அவர்களுக்குப் பின்னால், வண்டிக்குள் காத்தாடி வேகமாகச் சுழன்று, டிக் டிக்கென்று தட்டி, ஹீட்டர் கும்மென்று பற்றிக்கொண்டது.