பெட்டியின் முதுகு

ரேடியோப் பெட்டியின் முதுகில் திருகியிருந்த கறுப்பு மூடியைத் தட்டிக் காட்டினான் மெக்கானிக்கின் மச்சான்.

“இதுதான் டம்மி, அக்கா. வீட்டுல சோதிக்கும்போது ஏரியலுக்குப் பதிலா இதை மாட்டுவோம். எவ்வளவு கத்தினாலும் குரல் வெளியே போகாது.”

“உங்க மாமா வீட்டுல கத்துற மாதிரின்னு சொல்லு!”

மெக்கானிக்குக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆபத்துக்கு உதவட்டும் என்று, ஒரு பழைய சூட்கேசுக்குள் மாமனும் மச்சானும் சேர்ந்து அடக்கிய ரேடியோ அது.

அந்த வாரமே ஆபத்து வந்தது. வெள்ளத்தில் போன்கள் செத்துப்போய், தெருவே பள்ளிக்கூட மாடியில் ஒண்டிக்கொண்டு நின்றது.

“பாலம் தாங்குமான்னு பார்த்துட்டுச் சொல்றேன் மாமா” என்று கை ரேடியோவோடு மச்சான் ஓடினான்.

மெக்கானிக் பதற்றத்தோடு பெட்டியைத் திறந்து மைக்கை அழுத்தினார். “மச்சான், கேக்குதா?”

“நல்லாக் கேக்குது மாமா. பாலம் போயிடுச்சு. யாரையும் இந்தப் பக்கம் விடாதீங்க. மேட்டு ரோட்டுல போங்க.”

“நீ?”

“எனக்காக நிக்காதீங்க.”

கரகரப்பே இல்லை. காதோரம் நின்று பேசுவது போலிருந்தது.

மேட்டு ரோடு எல்லோரையும் கரையேற்றியது.

“தம்பி எங்க இருக்கான்னு கேளுங்களேன்” என்று மனைவி நச்சரித்தாள்.

மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். ஏரியல் கம்பி, சுற்றிக் கட்டியபடியே உள்ளே கிடந்தது. பெட்டியைத் திருப்பினார். முதுகில் டம்மி.

“கூப்பிடுங்க. அப்போ உடனே பேசினானே!”

மைக்கை எடுக்க அவருக்குக் கை வரவில்லை.